இரண்டு சொட்டு

பதினாறாம் நாள் படையலில் சிவபாலனுக்குப் பிடித்ததெல்லாம் இலையில் இருந்தது. நடுவில் ஒரு பாட்டில் பிராந்தி. அதுதான் அவனைக் கொன்றது. காட்டிய கற்பூரத்தின் சுடர் பாட்டிலுக்குள்ளும் ஆடியது.

நானும் அவனும் பக்கத்துப் பக்கத்துத் தறியில் பதினான்கு வருடம் நெய்தோம். குடித்ததும் சேர்ந்துதான். எட்டு மாதத்துக்கு முன், ஆட்டோவில் என் மடியில் ரத்தமாகக் கக்கினான். அன்றோடு நான் விட்டுவிட்டேன். அவன் விடவில்லை. இனி ஒரு வாய் உள்ளே போனால் நானும் பழையபடி விழுந்துவிடுவேன்.

படையல் முடிந்ததும் ஆண்கள் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவன் மச்சான் தனசேகரன் ஊற்றினான். கப்பலில் வேலை பார்ப்பவன். பாட்டிலை வாங்கி வந்து வைத்தவனும் அவன்தான்.

"எனக்கு வேணாம்பா."

"படைச்சத வேணாங்கலாமா அண்ணே? மாமா மனசு இன்னா பாடுபடும்?"

"கோயில்ல தீர்த்தம் குடுத்தாகூட இவன் சோடா கேப்பான்பா," என்றார் எங்களோடு நெய்யும் குப்புசாமி. சிரித்தார்கள். டம்ளர் என் கைக்கு வந்துவிட்டது.

"ஜெர்மன்காரன் டம்ளர் தட்டும்போது கண்ணுக்குக் கண்ணு பாக்கணும்பான். பாக்கலன்னா ஏழு வருஷம் தரித்திரமாம். எங்க, பாருங்க. மாமா பேருக்கு, சியர்ஸ்!"

பார்த்தேன். தனசேகரனின் கண் வெள்ளையில் மஞ்சள் இறங்கத் தொடங்கியிருந்தது.

"மொதல்ல அவனுக்கு ரெண்டு சொட்டு," என்றார் குப்புசாமி.

விரலை நனைத்து, செத்தவர்களுக்கு இரண்டு சொட்டு சுண்டிவிட்டுத்தான் இங்கே குடிப்பார்கள். சிவபாலனும் தன் அப்பாவுக்கு அப்படித்தான் சுண்டுவான். இரண்டு சொட்டு அப்பாவுக்கு, மிச்சம் முழுக்க அவனுக்கு.

விரலை விட்டேன். அந்த ஆட்டோவின் வாடை ஏறி வந்தது. சுண்டினேன். மறுபடி சுண்டினேன். மூன்றாவது, நான்காவது. கை நிற்கவில்லை.

"ரெண்டு போதும்ணே."

"அவனுக்கு எப்போ ரெண்டு போதுமா இருந்துச்சு?"

"டேய், சட்டைடா!" குப்புசாமி நகர்ந்து உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. தரையெல்லாம் புள்ளி புள்ளியாக நனைந்தது. என் டம்ளரின் அடி தெரிந்தபோது அடுப்படியிலிருந்து சிவபாலனின் மனைவி நீலாம்பாள் வந்து நின்றாள். சற்று முன் துடைத்த தரை. திட்டுவாள் என்று நினைத்தேன்.

தரையையும் என் டம்ளரையும் பார்த்தாள். பிறகு தம்பி தனசேகரனின் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி என் முன்னால் வைத்தாள்.

"இதையும் தெளிச்சிடுங்கண்ணா."