மலர்கொடி புதைந்த பாத்தி

மலர்கொடி முழங்கால் வரை பாத்தியில் புதைந்த அன்று அவள் எடை முன்னூற்றுப் பதினாறு கிலோ. மரக்காணம் உப்பளத்தில் மூட்டை நிறுக்கும் தராசில் முந்தின நாள்தான் நிறுத்தார்கள், ஆகவே சந்தேகமில்லை. உடம்பு பழைய ஐம்பத்து நாலு கிலோ உடம்புதான், ரவிக்கைகூட இறுக்கவில்லை. மீதி அத்தனையும் சொல்லிச் சொல்லி ஏறிய குறைகள். இதில் வியக்க என்ன இருக்கிறது? தன் பாரத்தை அடுத்தவள் தலையில் இறக்கிவிட்டு வேடிக்கை பார்ப்பதில் எங்கள் ஊரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தொடங்கியது. உப்பளம் என்றால் கண்ணுக்கெட்டின தூரம் வெட்டவெளி; மறைவுக்கு ஒரு முள்செடி கிடையாது. ஆண்கள் வரப்போரம் திரும்பி நின்றுகொள்வார்கள். பெண்கள் இருபத்து மூன்று பேரும் விடியலில் வந்து வெயில் தாழும்வரை ஒதுங்க இடமில்லாமல், அதற்குப் பயந்து ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உப்பு வாரினார்கள். விஜயலட்சுமிக்குச் சிறுநீரில் ரத்தம் வந்த பிறகுதான் கழிப்பறை கேட்க வேண்டும் என்ற பேச்சே எழுந்தது. பத்தாவது படித்தவள் என்று மலர்கொடியைப் பிடித்துத் தள்ளினார்கள். "நீ போய்க் கேளு, நாங்க பின்னாடியே நிக்கிறோம்." குத்தகைக்காரர் புருஷோத்தமன் முன்னால் போய் நின்று அவள் திரும்பிப் பார்த்தபோது பின்னால் ஈ காக்கை இல்லை. "கக்கூஸா? ஊட்லயே போய்ட்டு வா" என்று அவர் சிரித்தார். அன்று சாயங்காலம் அவள் பதினொரு கிலோ கூடியிருந்தாள். அது விஜயலட்சுமியின் குறை. பிறகு ரேணுகாவின் கண்ணெரிச்சலைச் சொல்லப் போனாள், ஆனந்தம்மாளின் ஆறாத கால்புண்ணைச் சொல்லப் போனாள். ஒவ்வொன்றும் பத்துப் பதினொரு கிலோவாக ஏறி அவளிடமே தங்கிவிட்டது. புருஷோத்தமன் எதையும் செய்யவில்லை. பெண்கள் மட்டும் புதிது புதிதாகக் குறை கொண்டுவந்தார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

தை பிறந்ததும் பாத்தி மிதிப்பார்கள். பெண்கள் வரிசையாக, ஒருத்தி இடுப்பை ஒருத்தி பிடித்துக்கொண்டு, ஈரக் களிமண்ணை மிதித்து மிதித்துச் சிமெண்டுத் தரையாக இறுக்க வேண்டும். தரையில் ஓட்டை விழுந்தால் உப்புத்தண்ணீர் கீழே இறங்கிவிடும், அந்தப் பாத்தி பாழ். மலர்கொடி கால் வைத்த இடமெல்லாம் குழி. அவளைத் தூக்கிவிடப் பத்துப் பேர் வேண்டியிருந்தது; தூக்கும்போதே வைதார்கள். "உன்னால எங்க பொழப்பும் போவப் போவுது, சனியனே" என்றாள் ரேணுகா, அவள் கக்கத்தில் கைகொடுத்தபடி. வைதாலும் கையை விடவில்லை, அதையும் எழுதி வைக்கிறேன்.

மூன்றாம் நாள் அவள் முழங்கால் வரை இறங்கி நின்றபோது புருஷோத்தமன் மேஸ்திரி கலியமூர்த்தியோடு வரப்புக்கு வந்தார். அவருக்கு இது கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி. "பாத்தியக் கெடுத்தவளுக்கு இங்க வேலை இல்ல. எந்த உப்பளத்துலயும் உன்ன எடுக்க மாட்டான், நான் சொல்லிடுவேன். இவ ஒருத்தி வாய அடச்சா மிச்சதுங்க ஒழுங்கா இருக்கும்" என்றார். மலர்கொடியின் புருஷன் போய்ச் சேர்ந்து நாலு வருஷம், வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள், இந்த வேலையை விட்டால் வேறு நாதியில்லை. அப்படியும் குழிக்குள் நின்றபடியே, "ஆனந்தம்மா கால் புண்ணு சார்..." என்று தொடங்கினாள், பைத்தியக்காரி.

அனுமந்தை ஊர்க்காரி ஆனந்தம்மாளுக்கும் மலர்கொடிக்கும் ஏழாம் பொருத்தம். "ஏய், நிறுத்துடி! என் காலப் பத்தி நீ இன்னா பேசறது? எனக்கு வாயில்லையா?" என்று கத்திக்கொண்டு வந்த ஆனந்தம்மாள், ஒரு காலைத் தூக்கி வரப்பில், புருஷோத்தமன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். "நல்லாப் பாரு சார். உப்புல நின்னு நின்னு எலும்பு தெரியுது. ஒரு பூட்ஸ் வாங்கித் தர வக்கில்ல உனக்கு." சொல்லி முடித்ததும் அவளுடைய மற்றக் கால் கட்டைவிரல் ஆழம் தரையில் இறங்கியது, மலர்கொடி அந்த அளவு மேலே வந்தாள். எல்லோரும் பார்த்தார்கள். "இவ மட்டும் பெரிய இவளா?" என்று ரேணுகா கண்ணெரிச்சலைத் தானே சொன்னாள். பாசம் என்று யாரும் கதை கட்ட வேண்டாம், சுத்தப் பொறாமை. பொறாமையிலேயே இருபத்தொரு பேர் பேசி முடித்தார்கள். கடைசியாக விஜயலட்சுமி ஆண்களை நேரே பார்த்து ரத்தத்தைப் பற்றிச் சொன்னாள். கலியமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போதும் மலர்கொடி கணுக்கால் வரை புதைந்துதான் நின்றாள். "இன்னும் குழியிலதான நிக்கிற? உன் வேலை போனது போனதுதான்" என்றார் புருஷோத்தமன். மிச்சமிருந்தது அவளுடைய சொந்தக் குறை. அதை அவள் அவரிடம் சொல்லவில்லை, பெண்களைப் பார்த்துச் சொன்னாள். "பின்னாடி நிக்கிறோம்னு சொன்னீங்களேடி. ரெண்டு வருஷம். ஒருத்தியாவது நின்னீங்களா? தனியாப் போயி இந்தாளு வாயால நான் கேக்காத பேச்சில்லடி." அந்தப் பாரம் அங்கேயே இருபத்து மூன்றாகப் பிரிந்தது. எல்லோரும் ஒரே ஆழத்தில் நின்றார்கள்.

"இதுல தலைவி எவடா?" என்று புருஷோத்தமன் மேஸ்திரியைப் பிடித்து உலுக்கினார்.

"தெரிலீங்க. எல்லாக் குழியும் ஒண்ணாதான் இருக்குது."

இருபத்து மூன்று பேரையும் அனுப்பினால் அந்த வருஷத்து உப்பு இல்லை. அவர் காறித் துப்பிவிட்டுப் போனார். மாசியில் தகரக் கழிப்பறை வந்தது, வயிற்றெரிச்சலில் கதவு வைக்காமல் விட்டிருந்தார். கதவு கேட்க ரேணுகா போனாள், பூட்ஸ் கேட்க ஆனந்தம்மாள், தாழ்ப்பாள் கேட்க விஜயலட்சுமி. இப்போது மற்றவர்கள் நிஜமாகவே பின்னால் நிற்கிறார்கள், நானே பார்த்தேன். ஆனந்தம்மாளும் மலர்கொடியும் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தலைவி யார் என்று புருஷோத்தமன் கேட்கும்போதெல்லாம் ஒரு புதுப் பெயர் கிடைக்கிறது. ஆளுக்குப் பதினொரு கிலோ கூடுதலாக மிதித்ததில் தரை முன்னைவிட இறுகியதாகக் கலியமூர்த்தியே சொல்கிறார். ஷேர் ஆட்டோ சுரேஷ் பத்துப் பேர் ஏறும் வண்டியில் இவர்களில் எட்டுப் பேரைத்தான் ஏற்றுகிறான், காரணம் கேட்பதில்லை. காலை பதினொரு மணிக்கு இருபத்து மூன்று பேரும் வரப்பில் உட்கார்ந்து வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கிறார்கள்.