முன்னூறாவது நாள்

“அப்பா, இந்த வேலை முடிஞ்சதும் நாம விளையாடலாமா?”

செம்மொழி இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. சோற்றுத் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, நெடுமாறன் கைப்பேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் செய்துகொண்டிருந்தது வேலை அல்ல, விளையாட்டு. குழந்தை அவன் முகத்தைப் பார்த்து, ஏதோ கஷ்டமான வேலை என்று நினைத்துக்கொண்டது.

“நல்லாக் கேளுடி” என்று அடுப்படியிலிருந்து எழில்மொழி சிரித்தாள். நெடுமாறனும் சிரித்தான். “அஞ்சு நிமிஷம்டா தங்கம்” என்றான். அந்த ஐந்து நிமிஷம் முடிவதற்குள் குழந்தை தூங்கிப்போனது.

ஆரம்பத்தில் அது விளையாட்டாகத்தான் இருந்தது. கல்லூரித் தோழன் ஷஹ்பாஸ் வளைகுடாவில் வேலைக்குப் போன புதிதில், பேசிக்கொள்ள ஒரு சாக்காக இருவரும் அதைத் தொடங்கினார்கள். கோட்டை கட்ட வேண்டும், காவல் நிற்க வேண்டும், எதிரி வந்தால் அடிக்க வேண்டும். இருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஷஹ்பாஸ் கல்லெறியும் பொறியைத் தன் மதிலைப் பார்த்தே திருப்பி வைத்து, தன் கோட்டையைத் தானே இடித்தான். அன்று இருவரும் சிரித்த சிரிப்பில் நெடுமாறனுக்குப் புரையேறியது. தோற்றுக்கொண்டே இருந்த அந்த மூன்று மாதம்தான் நன்றாக இருந்தது.

பிறகு பதக்கங்கள் கண்ணில் பட்டன. நூறு கோட்டை பிடித்தால் ஒன்று, ஆயிரம் அம்பு எய்தால் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே ‘ஓயாத காவலன்’ என்று ஒரு கேடயம். முன்னூறு நாள், ஒரு நாளும் விடாமல், ஐந்து பணி முடித்துக் காவல் நின்றால் கிடைக்கும். ஒரு நாள் தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து.

இருநூறாவது நாளில் ஷஹ்பாஸ் விலகிக்கொண்டான். “கம்பெனில வருகைக்கு ஒரு பஞ்ச், இதுல ஒரு பஞ்சாடா மாப்ள? என்னால ஆவாது. நீ வேணா நில்லு, நான் தூங்கப் போறேன்.”

நெடுமாறனால் விட முடியவில்லை. இருநூறு நாள் வீணாகிவிடுமே என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. இந்த விளையாட்டு தனக்குப் பிடித்திருக்கிறதா என்று அவன் தன்னைக் கேட்டுப் பார்த்ததே இல்லை. கோயிலுக்குப் போகிறவன் எத்தனை சுற்று ஆயிற்று என்பதிலேயே கண்ணாயிருந்துவிட்டு, சந்நிதிக்குள் எட்டிப் பார்க்காமலே வீடு திரும்புவதுபோல அவன் நாட்கள் போயின.

அவன் கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளன். ஊரில் கொஞ்சம் வயலும் உண்டு, ஆள் வைத்துப் பயிர் செய்வான். ஊர் திருவிடைமருதூருக்குக் கிழக்கே நான்கு மைல். ஊரின் மழைத்தண்ணீர் எல்லாம் ஒரே வடிகாலில் இறங்கும். அதன் கடைசியில் ஒரு மதகு. ஐப்பசி பிறந்தால் இருபத்தெட்டு வீட்டுக்கும் ஆளுக்கு ஒரு நாள் அங்கே காவல் முறை வரும், காலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஆறு மணி வரை. மழை வலுத்தால் முறைக்காரர் போய் மதகின் இரும்புத் திருகைச் சுற்றி அடைப்புப் பலகையை ஏற்ற வேண்டும். அடைக்க வரும் ஆகாயத்தாமரையைக் கழியால் தள்ளிவிட வேண்டும். திறந்ததும் ஒரு படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். படம் வந்துவிட்டால் ஊர் நிம்மதியாக இருக்கும்.

நெடுமாறனின் முறை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மழைக்காகக் கல்லூரிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். அவனுக்கு அது முன்னூறாவது நாள். பகல் பன்னிரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை கோட்டைக் காவல். இடையில் கைப்பேசியைக் கீழே வைக்கக் கூடாது.

பதினொன்றரைக்கு மழை பிடித்தது. வானத்தைப் பார்த்தான், மணியைப் பார்த்தான். மதகுக்குப் போய் வர ஒரு மணி நேரமாவது ஆகும். நாலு மணிக்கு மேல் போய்த் திறந்துவிடலாம், அதற்குள் என்ன முழுகிவிடப் போகிறது என்று தோன்றியது. ஆனால் படம் போடாவிட்டால் ஆள் மாற்றி ஆள் கூப்பிடுவார்கள். குழுவில் பழைய படங்களைத் தேடினான். போன ஆண்டு அவன் போட்ட படத்தில் வெயில் அடித்தது. மூன்று ஆண்டுக்கு முந்தைய ஒன்றில் மழை பெய்துகொண்டிருந்தது. ‘நெடுமாறன் வீடு’ என்று அதன் கீழே எழுதியிருந்தது. செம்மொழிக்குக் காய்ச்சல் முற்றி, ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தபோது வந்த முறை அது. மச்சான் யாராவது போய் நின்றிருப்பான் என்று அப்போது நினைத்துக்கொண்டான். கேட்டதில்லை.

அந்தப் படத்தையே மறுபடி போட்டான். பணி முடிந்தது என்று ஒரு கட்டத்தைத் தட்டுவதுபோல, யோசிக்காமல் விரல் அதைச் செய்தது. கட்டைவிரல் சின்னங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

வடிகாலின் அடியில் காளியம்மாளின் வயல். கணவன் போனபின் ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து அவளே பயிர் வைத்திருந்தாள். இங்கே மூன்று மா என்பார்கள். நட்டு இருபத்தைந்து நாள் ஆன பயிர். இந்த வருஷமும் குத்தகை நெல் அளக்காவிட்டால் நிலம் வேறு கைக்குப் போய்விடும் என்று நிலக்காரர் சொல்லியிருந்தார். மழையைப் பார்த்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியவள், பக்கத்து வீட்டில் கேட்டாள்.

“படம் வந்துருச்சா?”

“வந்துருச்சுக்கா. நெடுமாறன் தொறந்துட்டாரு.”

“அப்பச் சரி. அது பொறுப்பான புள்ள.” மண்வெட்டியைத் திரும்பச் சாத்தி வைத்தாள்.

நான்கு மணிக்குக் கேடயம் திரையில் சுழன்று மின்னியது. ஒரு எக்காளம் ஊதியது. அவ்வளவுதான். அடுத்த நொடியில் அதன் பக்கத்தில் பூட்டுப் போட்ட சாம்பல் நிறக் கேடயம் ஒன்று வந்து நின்றது. ஐந்நூறு நாள். நெடுமாறன் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தான். கண் எரிந்தது.

வெளியே வந்தபோது தெரு முழங்கால் தண்ணீர். மதகுக்குப் போகும் பாதையில் புளியமரம் சாய்ந்து மின்கம்பியை இழுத்துக் கிடந்தது. யாரையும் அந்தப் பக்கம் போகவிடவில்லை. மதகு திறக்கவில்லை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். வேறு வழியாகப் பத்துப் பேர் சுற்றிப் போயிருப்பார்கள். படம் போட்டவன் எந்த வாயால் சொல்வான்? வீட்டுக்குத் திரும்பிவிட்டான்.

மறுநாள் முறை செல்லதுரையுடையது. அவர் விடிந்ததும் சுற்று வழியாகப் போனபோது பலகை இறங்கியே இருந்தது. ஆகாயத்தாமரை ஆள் உயரத்துக்கு அடைந்து, திருகு அசையவில்லை. இயந்திரம் வந்து தோண்டித் திறக்க மூன்று நாள் ஆயிற்று. தண்ணீர் வடிந்தபோது காளியம்மாளின் பயிர் அவித்த கீரைபோல மண்ணோடு படிந்து கிடந்தது. அழுகல் வாடை தெருவரைக்கும் வந்தது.

ஊர் கணக்குப் போட்டது. நெடுமாறன் திறந்தான், படம் இருக்கிறது. அப்படியானால் மூடியது யார்? மதகை மூடினால் மீன் தேங்கும். செல்லதுரைக்கு மீன் பிடிப்பதில் ஆசை என்பது ஊருக்கே தெரியும்.

டீக்கடையில் அவர் வந்து உட்கார்ந்ததும் ஒருவர் ஆரம்பித்தார். “என்ன செல்லதுரை, வெரால் எத்தன கிலோ தேறுச்சு?”

“வெராலா? கொறவ மீனுதான் மாட்டிருக்கும். ஒரு ஏக்கர் பயிரு கொறவ விலைக்குப் போச்சு” என்றார் இன்னொருவர்.

“அடுத்த வருஷம் அவருக்கு முறை வேணாம்ப்பா. வலையும் ஊத்தாக் கூடையும் வாங்கிக் குடுத்துருவோம்.”

செல்லதுரை டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார். மூலையில் இருந்த நெடுமாறனுக்குக் கையில் இருந்த டம்ளர் சுட்டது.

எழுந்து சைக்கிளை எடுத்தபோது பின்னால் செல்லதுரை வந்தார்.

“தம்பி, ஒரு நிமிஷம்.”

“சொல்லுங்கண்ணே.”

“நீ போட்ட படம் நான் எடுத்தது.”

நெடுமாறனுக்கு முதலில் புரியவில்லை.

“மூணு வருஷத்துக்கு முந்தி. ஒன் புள்ள ஆஸ்பத்திரில கெடந்துச்சுல்ல? ஒன் முறைக்குக் காளியம்மாதான் போயி நின்னுச்சு. பகலு ராவு பூரா, அந்த மழையில. அதுக்கிட்ட ஏது போனு? என்னய கூப்புட்டு ஒரு படம் எடுத்து அவன் பேர்ல போடுங்கண்ணேன்னுச்சு. நான் நின்னேன்னு சொல்லிடாதீங்க, புள்ளய வச்சுக்கிட்டு அல்லாடுறான், கூச்சப்படுவான்னுச்சு. சரின்னு போட்டேன்.”

நெடுமாறன் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். “ஒங்களுக்கு அன்னிக்கே தெரியுமாண்ணே?”

“மறுநாத்தான். மதகு மூடிக் கெடக்கவும் படத்தத் தெறந்து பாத்தேன், பாத்த ஒடனே தெரிஞ்சுபோச்சு.”

“அப்பறம் ஏண்ணே சொல்லல? அவ்வளவு பேச்சு பேசுறாங்களே.”

“நான் சொன்னா ரெண்டு பேரு சண்டைன்னுதான் போவும். நீயா சொல்லுவேன்னு பாத்தேன்.” செல்லதுரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “அஞ்சு நாளாப் பாக்குறேன்.”

வீட்டுக்கு வந்து படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தான். மதகு, மழை, ஏறிய பலகை. கீழே இடது ஓரத்தில், படத்தில் விழக் கூடாது என்று ஒதுங்கியும் முழுதாக ஒதுங்காமல், சேறு அப்பிய ஒரு பாதம். வெறும் பாதம்.

அதன் கீழேயே எழுதினான். ‘செவ்வாய்க்கிழமை நான் மதகைத் திறக்கவில்லை. போட்டது பழைய படம். போனில் விளையாடிக்கொண்டிருந்தேன். செல்லதுரை அண்ணன் மேல் எந்தத் தப்பும் இல்லை. தப்பு என்னுடையது.’

பிறகு ஒருவர், ‘விளையாட்டில் ஜெயித்தீர்களா தம்பி’ என்று கேட்டிருந்தார். அதற்குச் சிரிப்புச் சின்னங்கள் விழுந்தன. எழில்மொழியும் அதைப் படித்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, குழந்தைக்குத் தலை வாரிவிடப் போனாள்.

அவன் காளியம்மாளின் வீட்டுக்குப் போனான். அவள் வாசலில் ஈர மூட்டையை அவிழ்த்து உளுந்தைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“அக்கா…”

“தெரியும்ப்பா. படிச்சுக் காட்டுனாங்க.”

அவன் நின்றான். அவள் நிமிரவில்லை.

“மழைன்னு நெனச்சு மகாலிங்க சாமிய அஞ்சு நாளாத் திட்டிக்கிட்டுக் கெடந்தேன்” என்றாள். “பாவம், அவரு என்ன பண்ணுவாரு.”

“அக்கா, என் முறைக்கு அன்னிக்கு நீங்க…”

“அதெல்லாம் இப்ப எதுக்கு?” குரல் சட்டென்று உயர்ந்தது. “அதச் சொல்லி என்னய நல்லவளாக்கிட்டுப் போனா என் பயிரு எந்திரிச்சுருமா? போப்பா. போயி புள்ளயப் பாரு.”

மன்னிக்கிறேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லாததும் நியாயம்தான்.

உறவுக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்த நாற்றை வைத்து அவள் மேட்டுப் பக்கம் இரண்டு மாவை மறுபடி நட்டாள். அதற்குமேல் ஊரில் நாற்று இல்லை. அடிப்பக்கத்து ஒரு மா வெறும் சேறாகக் கிடந்தது. கையை உதறிவிட்டு, பட்டுக்கோட்டைப் பக்கம் கொப்பரைக் களத்துக்கு வேலைக்குப் போனாள். திரும்ப இருபது நாள் ஆகும் என்று பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்திருந்தாள்.

அவள் வாசலில் அவன் நின்ற அன்றே விளையாட்டில் ஒரு நாள் தவறியிருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் அதைக் கவனித்தான். எண்ணிக்கை ஒன்று என்று காட்டியது. எதையோ இழந்ததுபோல இருக்கும் என்று இத்தனை நாள் பயந்திருந்தான். அப்படி ஒன்றும் இல்லை. விளையாட்டையே கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டான். அன்று மாலை செம்மொழியோடு வாசலில் பாண்டி ஆடினான். மூன்று முறை கோட்டை மிதித்துத் தோற்றான். “அப்பாவுக்கு ஆடவே தெரியல” என்று அவள் கைகொட்டிச் சிரித்தாள்.

காளியம்மாள் ஊரை விட்டுக் கிளம்பிய மறுநாள் கோழி கூவும் நேரத்தில் தன் வயலில் இறங்கினான். மேட்டு நிலம் என்பதால் அவன் பயிர் தப்பியிருந்தது. தூர் கட்டிச் செழித்து நின்றது. ஒவ்வொரு தூரிலும் இரண்டு மூன்று பயிரை மட்டும் வேர் அறாமல் பிரித்து எடுத்தான். அப்படிப் பிரித்த இடத்தில் அவனுக்கு விளைச்சல் குறையும். குறையட்டும் என்று கை கூடையை நிரப்பியது. தலையில் சுமந்து வரப்பு வழியாகக் காளியம்மாளின் வயலுக்குப் போனான்.

அவனுக்கு நடத் தெரியாது. நடவு பெண்கள் செய்யும் வேலை என்று ஒதுங்கி வளர்ந்தவன். முதல் நாள் நட்டதில் பாதி மிதந்தது. மறுநாள் எடுத்து மறுபடி ஊன்றினான். இடுப்பு விட்டுப் போயிற்று. விடிந்து ஆள் நடமாட்டம் தொடங்குவதற்குள் கரையேறி, குளித்து, கல்லூரிக்குப் பேருந்து பிடித்தான். இப்படி எத்தனை நாள் போனான் என்பதை அவன் எண்ணவில்லை. பிந்தி நட்ட பயிர் எவ்வளவு விளையும், நிலம் அவள் கையில் நிற்குமா என்பதும் தெரியாது. அது கடவுள் கையில் இருந்தது. ஒரு மா நிரம்புவதுதான் அவன் கையில் இருந்தது.

கடைசி மூலையில் கடைசி நாற்றுக் குத்தை ஊன்றிவிட்டு நிமிர்ந்தபோது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. பழக்கத்தில் சேற்றுக்கை சட்டைப்பைக்குப் போயிற்று. பை காலியாக இருந்தது. கைப்பேசி வீட்டில் கிடந்தது.

வரப்பில் ஏறினான். தன் கால் தடங்கள் வரப்பின் ஈரமண்ணில் வரிசையாகப் பதிந்திருந்தன. கூடையை இறக்கி வைத்து, குனிந்து, அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் தடவி மூடிக்கொண்டே பின்னோக்கி நடந்தான்.