ஜெபித்துச் சொல்கிறேன்

தையல்காரி கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, துணியை வெட்டியபடியே நாத்தனார் சொல்வதைக் கேட்டாள். விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட மாமியாரை நாளை மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறார்களாம். நாத்தனார் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

"உங்க வீட்ல ஏறி இறங்குற வேலை இல்ல அண்ணி, முன்னறையும் இருக்கு. அண்ணன்கிட்ட கேட்டா உடனே சரின்னுடுவாரு. பாடுபடப் போறது நீங்க. அதான் உங்ககிட்ட கேக்குறேன். முடியலன்னா முதியோர் இல்லத்துல ஒரு இடம் பார்த்து வெச்சிருக்கேன்."

கத்தரி நின்றது. முன்னறைதான் அவளுடைய தையலறை. படுக்கையறை மூலையில் ஒண்டிக்கொண்டு தைத்த காலமெல்லாம் போய், போன வருஷம்தான் அது அவள் கைக்கு வந்தது.

"ஜெபிச்சுட்டுச் சொல்றேம்மா," என்றாள்.

சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த கணவன் எட்டிப் பார்த்தான். "மாட்டேன்னு சொல்லிட்டியா?"

"ஜெபிச்சுட்டுச் சொல்றேன்னேன். காதுல விழலையா?"

"விழுந்துச்சு. ஞாயிறு பள்ளியில பாடம் எடுக்கக் கூப்பிட்டப்பவும் அதான் சொன்ன. பாடகர் குழுவுக்கும் அதான். அந்த ஜெபமெல்லாம் இன்னும் முடியல."

"உங்க அம்மாவை முன்னறையில வெச்சுக்க முடியுமான்னு உங்க தங்கச்சி கேக்குறா. உங்க அம்மாதானே. நீங்களே முடிவு பண்ணுங்க."

"நான் சொன்னா உத்தரவாயிடும். அறை உன்னோடது," என்று அவன் காய்க்குத் திரும்பினான்.

அவளுக்குச் சுருக்கென்றது. அந்தக் கிண்டலுக்காகவாவது உண்மையாகவே ஜெபித்துவிடுவது என்று கதவைச் சாத்திக்கொண்டு, எந்திரத்துக்கும் வெட்டும் மேஜைக்கும் நடுவே முழங்காலிட்டாள். 'ஆண்டவரே, உமது சித்தம் எதுவென்று காட்டும்' என்று தொடங்கினாள். அங்கேயே நிறுத்தினாள்.

எதைக் காட்ட வேண்டும்? நடக்க முடியாத ஒருத்திக்குப் படுக்க இடம் கொடுக்கலாமா என்று அவரிடம் புதிதாகக் கேட்க என்ன இருக்கிறது? முடியாதென்றால் முடியாதென்று நாத்தனாரிடமே சொல்லியிருக்கலாம், அதுவாவது நேர்மை. அவளோ தன் மறுப்பை ஆண்டவர் தலையில் கட்டியிருந்தாள். மாமியார்மேல் கோபம்கூட இல்லை. வெறும் ஆசைதான்: ஒரு சன்னல், ஒரு மேஜை, பாதியில் எழுந்து மூட்டை கட்ட வேண்டாத வேலை.

"மனசு வரல, ஆண்டவரே," என்றாள் கடைசியில். அன்று அவள் செய்த ஜெபம் அவ்வளவுதான். மனசு அப்போதும் வரவில்லை. எழுந்து நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"அத்தை இங்க வரட்டும்."

"நெஜமாவா அண்ணி? நீங்க ஜெபிச்சுச் சொல்றேன்னதும், சரி, இல்லத்துக்கே சொல்லிடலாம்னு ஃபோனைக் கையில எடுத்துட்டேன்."

"சந்தோஷமா கூப்பிடுறேன்னு நெனச்சுக்காத. கொஞ்ச நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுதான் இருப்பேன்."

"இருங்க. அம்மாவும் அப்படித்தான் இருப்பாங்க."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "எந்தப் பக்க இடுப்பு?"

"வலது. எதுக்கு?"

"கட்டிலைப் போடுறப்ப அத்தை இறங்குற பக்கம் சுவரு வந்துடக் கூடாதுல்ல."

கட்டிலைச் சன்னலோரம் போட்டால் எந்திரத்துக்கு இடம் இருந்தது. மேஜைக்கு இல்லை. அதை வெளியே எடுக்க, மறுமுனையைப் பிடிக்கச் சொல்லிக் கணவனைக் கூப்பிட்டாள்.