கார்டிங் இசக்கிமுத்துவின் வலது கை…

ஹெப்சிபா அதுவரை அனுப்பிய பயிற்சி அழைப்புகளுக்கெல்லாம் தவறாமல் வந்து உட்கார்ந்தது கேன்டீன் பூனை ஒன்றுதான். அதுவும் ஏ.சி.க்காக.

ராஜபாளையத்துக்கு வெளியே இருந்த அந்த நூல் மில்லில் எல்லாருக்கும் மெயில் ஐ.டி. உண்டு. வெளிநாட்டில் நூல் வாங்குகிற கம்பெனி, ‘தொழிலாளர்களோடு டிஜிட்டலாகப் பேசுகிறீர்களா?’ என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டது. எம்.டி. ராஜரத்தினம் சும்மா இருப்பாரா? பஞ்சு மூட்டை இறக்குகிறவர் முதல் வாட்ச்மேன் இம்மானுவேல் வரை ஆளுக்கொரு ஐ.டி. கொடுத்துவிட்டார். கக்கூஸுக்குக் கதவு வேண்டும் என்று மனுக் கொடுத்தவர்களுக்கும் மெயில் ஐ.டி.தான் கிடைத்தது. அத்தனை பேர் போனிலும் அதை ஏற்றிக் கொடுத்தது எச்.ஆர். பிரிவு. எச்.ஆர். பிரிவு என்றால் ஹெப்சிபா ஒருத்திதான்.

‘பணியிடப் பாதுகாப்பு விழிப்புணர்வு மற்றும் திறன் மேம்பாட்டுப் பயிற்சி முகாம்’ என்று அவள் தலைப்பிட்டு அனுப்புவாள். போன் ஒரு தரம் சிணுங்கும். ஆட்கள் அதை ஈயை விரட்டுகிற மாதிரி ஒரு விரலால் தள்ளிவிட்டுப் போவார்கள். கேட்டால் மட்டும், “வாரேன் தாயி, வராம எங்க போவேன்” என்பார்கள்.

இந்தச் சமயத்தில்தான் ராஜரத்தினம் மதுரையில் ஒரு நட்சத்திர ஓட்டலில் ‘உள்ளத்தைத் திறக்கும் மின்னஞ்சல்’ என்ற ஒருநாள் வகுப்புக்குப் போய்வந்தார். போகும்போது எம்.டி.யாகப் போனவர், வரும்போது ‘சீஃப் இன்ஸ்பிரேஷன் ஆபீசர்’ ஆக வந்தார். அறை வாசலில் புதுப் பலகை ஏறியது. இம்மானுவேலுக்கு அந்தப் பேர் வாயில் நுழையவில்லை. ஆகவே பேர் சொல்லாமல் எழுந்து மட்டும் நின்றார்.

“ஏம்மா ஹெப்சிபா, மெயில் தலைப்புக்கு மூணே ரகசியம்தான்” என்றார் ராஜரத்தினம், கண்ணை மூடிக்கொண்டு. “ஒரு பேரு வேணும். ஒரு பயம் வேணும். பொறவு பாதியிலே நிறுத்தணும். பாதியிலே நிறுத்துனா எவனுக்கும் இருப்புக் கொள்ளாது, திறந்து பாத்தே தீருவான்.”

“சார், பயமுறுத்தினா ஏதும்…”

“பயமுறுத்துறதுன்னு சொல்லாதே. எமோஷனல் கனெக்ட்.” கண்ணைத் திறந்தார். “வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு, நூல் வாங்குற கம்பெனியோட ஆடிட்டர் பெங்களூர்லருந்து ஸ்கிரீன்ல நம்ம ஹாலைப் பாக்கப் போறாரு. ஹால் நிறைஞ்சா உன் வேலை பெர்மனென்ட். நிறையலைன்னா திங்கக்கிழமை பஸ் ஏறாதே.”

ஹெப்சிபாவின் ப்ரொபேஷன் ஏற்கெனவே இரண்டு தரம் நீட்டப்பட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்பா ஜோயல் பக்கவாதத்தில் கட்டிலோடு கிடக்க, வீட்டில் உலை கொதிப்பது இவள் சம்பளத்தில். திங்கட்கிழமை பஸ் ஏறாவிட்டால் அந்த வீட்டில் வேறு எதுவும் ஏறப்போவதில்லை.

ஆகவே ஒரு பேரைத் தேடினாள். பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் செக்‌ஷனில் இசக்கிமுத்து இருந்தான். எல்லாருக்கும் வேண்டியவன். சோழபுரத்துக்காரன், மில்லில் பாதிப் பேர் அவனுக்கு மாமன், மச்சான் முறை. அனுமதி கேட்கப் போனபோது வீங்கின கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றான்.

“எம்பேருதான? போட்டுக்க தாயி. பல்லுவலி உசிரு போவுது. போஸ்டர் அடிச்சி ஒட்டுனாலும் எனக்குச் சம்மதம்.”

வெள்ளிக்கிழமை காலையில் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே எழுதினாள்.

தலைப்பு: ‘கார்டிங் இசக்கிமுத்துவின் வலது கை…’

உள்ளே: ‘…இன்றைக்குத் தோளோடு பத்திரமாக இருக்கிறது. நாளைக்கும் இருக்க வேண்டாமா? மாலை மூன்று மணிக்குப் பாதுகாப்புப் பயிற்சி. அவசியம் வாருங்கள்.’

ராஜரத்தினம் படித்தார். நெஞ்சில் கையை வைத்தார். “குத்துதும்மா. இங்கன குத்துது. அனுப்பு.”

அனுப்பினாள்.

மதுரையில் வகுப்பெடுத்த வாத்தியாருக்கு ஒன்று தெரியாது. இந்தப் பக்கத்து ஜனங்கள் நல்லதுக்குத் தட்டில் பழம் வைத்து அழைத்தாலும் ‘பாப்போம்’ என்பார்கள். கெட்டது காதில் விழுந்தால் போதும், அழைப்புக்குக் காத்திருக்க மாட்டார்கள். கட்டின துணியோடு வண்டி ஏறிவிடுவார்கள். துக்க வீட்டு வாசலில் நின்றுகொண்டு மிச்சச் சேதியைத் திறந்து படிக்கிறவன் மனுசனா?

ஒருத்தரும் மெயிலைத் திறக்கவில்லை. போன் முகப்பில் வந்த அந்த ஒரு வரியைப் படம் பிடித்தார்கள், சொந்தக்காரர் குரூப்பில் போட்டார்கள். சேதி ராஜபாளையம் தாண்டும்போது இசக்கிமுத்துவுக்கு வலது கை போயிருந்தது. சோழபுரம் போய்ச் சேரும்போது இரண்டு கையும் இல்லை. வத்திராயிருப்பில் அவன் சித்தப்பா, “பாடியை எப்பம் தருவானுவ?” என்று கேட்டு மாலை வாங்க ஆள் அனுப்பிவிட்டார்.

இசக்கிமுத்துவைக் கூப்பிட்டால் போன் அணைந்து கிடந்தது. ராத்திரி ஷிப்ட் முடித்தவன், பொண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பல் பிடுங்கப் போயிருந்தான். சொன்னால் கூட வருவாள், வந்தால் அவன் பயந்து அழுவதைப் பார்ப்பாள், பார்த்தால் ஊருக்கெல்லாம் சொல்வாள்.

மதியம் இரண்டு மணி வெயிலில் இரண்டு வேனும் ஒரு டிராக்டரும் மில் வாசலில் வந்து நின்றன. முதலில் குதித்தவள் இசக்கிமுத்துவின் பெண்சாதி முத்துப்பேச்சி. தலை விரிந்து கிடந்தது. அடுத்து அவள் அண்ணன் கருத்தப்பாண்டி, கையில் அடிபம்பிலிருந்து கழற்றின இரும்புக் குழாயோடு. பின்னால் சோழபுரம்.

இம்மானுவேல் கேட்டை மறித்தார். “யாரும் உள்ள போகக்கூடாது. இன்னைக்கு ட்ரெய்னிங் இருக்கு.”

“கையை எடுத்துட்டு ட்ரெய்னிங்காலே குடுக்கிய?”

குழாய் இறங்கியது. இம்மானுவேலின் தொப்பி ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் போனார். நெற்றி பிளந்து, காக்கிச் சட்டையின் பித்தான் வரிசை வழியே ரத்தம் ஒழுங்காக இறங்கியது. அவர் மேலாகவே கேட் சாய்ந்தது, கேட்டின் மேலாகக் கூட்டம் போனது.

அடுத்த கால் மணி நேரத்தில் உடையக்கூடியதெல்லாம் உடைந்தது. கேன்டீன் கண்ணாடி, டைம் ஆபீஸ் கம்ப்யூட்டர், எம்.டி. காரின் முன்பக்கம், பின்பு ஞாபகம் வந்து பின்பக்கம். சமாதானம் சொல்ல வந்த சூப்பர்வைசரை ஒரு பெரியவர் செருப்பால் அடித்தார். மறு செருப்பு தொலைந்துபோனதற்கும் அவரையே அடித்தார். சீஃப் இன்ஸ்பிரேஷன் ஆபீசர் பலகையைப் பிடுங்கி அதனாலேயே அந்த அறைக் கதவை இடித்தார்கள்.

உள்ளேயிருந்து ராஜரத்தினத்தின் குரல் கேட்டது. “நான் இல்லப்பா! அந்த மெயிலை எழுதினது எச்.ஆர். பிள்ளை! ஹெப்சிபா! படி ஏறி இடதுபக்கம், மூணாவது ரூம்!”

வழிகாட்டுவதில் அவருக்கு நிகர் இல்லை. கூட்டம் படியேறியது.

ஹெப்சிபா மேஜைக்கு அடியில் போகப் பார்த்தாள். அதற்குள் முத்துப்பேச்சி அவள் பின்னலைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்துவிட்டாள்.

“ஏட்டி! எம்புருசன் கை எங்கட்டி?”

“அக்கா, கை இருக்குக்கா! மெயிலைத் திறந்து பாருங்க, உள்ள இருக்கு!”

“மெயிலுக்குள்ளயா வச்சிருக்கிய கையை?” என்று முத்துப்பேச்சி ஓர் அறை விட்டாள். உதடு கிழிந்தது. “ஐஸ் பெட்டியில வைக்கணும்னு கூடவா தெரியாது? படிச்சவ தானட்டி நீ?”

கருத்தப்பாண்டி கம்ப்யூட்டரைக் குறிவைத்துக் குழாயை ஓங்கினான். அதைத் தடுக்க இடது கையை நீட்டினாள் ஹெப்சிபா. கம்பெனிப் பொருளைக் காப்பாற்ற வேண்டும் என்று அவளுக்கு அந்த நேரத்திலும் தோன்றியதுதான் அவள் செய்த பிழை. பச்சைக் கரும்பை ஒடிக்கிற சத்தம் கேட்டது. அடுத்த அடியில் கம்ப்யூட்டரும் போனது.

அப்போதுதான் கீழே ஒரு கூச்சல். “இசக்கி வாரான்! ஏலே, இசக்கி வாரான்!”

எல்லாரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். சாய்ந்த கேட்டின் மேல் இசக்கிமுத்து நின்றான். வாய் நிறையப் பஞ்சு. நாடியிலும் சட்டையிலும் ரத்தம். செத்த நேரம் வாயைத் திறக்கக் கூடாது என்று பல் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். பஸ்ஸில் எவனோ, ‘உனக்குக் கை போயிட்டாமே’ என்று துக்கம் கேட்டதில் பதறி ஓடி வந்திருக்கிறான். பேச முடியாது. ஆகவே வலது கையை உயரத் தூக்கி, விரலை விரித்து ஆட்டினான். இந்தா இருக்கு என்று.

கூட்டம் பார்த்தது ரத்தத்தை. தூக்கின கை ‘விடாதீங்கலே’ என்று சொல்வதாகப் பட்டது.

“வாயிலயும் அடிச்சிருக்கானுவ பாருலே!”

மிச்சமிருந்த கண்ணாடிகளும் போயின. இசக்கிமுத்து இரண்டு கையையும் ஆட்டினான். ஆட்ட ஆட்ட வேகம் கூடியது. கடைசியில் முத்துப்பேச்சிதான் ஓடிப்போய் அவன் வலது கையைப் பிடித்தாள். தோளிலிருந்து விரல் வரை தடவினாள். கிள்ளினாள். அவன் ‘ம்ம்’ என்று கத்தினான். கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். அழுது முடித்து, வீங்கின கன்னமாகப் பார்த்து ஓர் அறை வைத்தாள்.

“பல்லு பிடுங்கப் போனியா? சொல்லிட்டுப் போனா என்னய்யா? நான் தாலியக் கழத்தணுமோன்னு வந்து நிக்கேன்!”

கருத்தப்பாண்டிக்கு ஆறவில்லை. அவ்வளவு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாயிற்று, அவ்வளவு உடைத்தாயிற்று. வந்து பார்த்தால் மாப்பிள்ளை முழுசாக நிற்கிறான். இதைவிட ஓர் அவமானம் உண்டா?

“எம்புட்டு சனம் வந்திருக்குன்னு பாத்தியாலே மாப்பிள? இப்பம் ஊருக்குள்ள என்ன சொல்ல? கை இருக்குன்னா சொல்ல?” என்று அந்த வலது கையைப் பின்பக்கமாக முறுக்கினான். “மெயில்ல வந்தது பொய்யாப் போகக் கூடாதுல்லா!”

போலீஸ் ஜீப்பின் சைரன் கேட்டிராவிட்டால் ஹெப்சிபா எழுதின தலைப்பு அன்றைக்கே பூர்த்தியாகியிருக்கும்.

சைரன் கேட்டதும் ஆவேசம் அடங்கி அறிவு வந்தது. கேட் பக்கம் ஓடினால் ஜீப். பின்பக்கம் முள்கம்பி. திறந்து கிடந்தது பயிற்சி ஹால் ஒன்றுதான். குழாய், கம்பு எல்லாவற்றையும் நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, சோழபுரம் வரிசை வரிசையாக உட்கார்ந்தது. ஒடிந்த கையைத் துப்பட்டாவில் தொட்டில் கட்டிக்கொண்டிருந்த ஹெப்சிபாவையும் முத்துப்பேச்சி இழுத்துப்போய்த் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். “வாயத் திறந்த, மறு கையும் போயிரும்.”

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். அதே சமயம் ராஜரத்தினம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். அதே சமயம் சுவரில் இருந்த பெரிய திரையில் பெங்களூர் ஆடிட்டர் முகம் தெரிந்தது. மணி மூன்று.

“என்ன சார் இங்க கலாட்டா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

ராஜரத்தினம் திரையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். ஹால் நிறைந்திருந்தது. பூனைக்கு இடமில்லை.

“கலாட்டாவா? பாதுகாப்புப் பயிற்சி சார். தொழிலாளர்கள் குடும்பத்தோட வந்திருக்காங்க.”

“வாட்ச்மேன் தலையில ரத்தம்?”

“முதலுதவி டெமோ.”

“அந்தப் பொண்ணு கை?”

“அதுவும் டெமோ.”

“வெளிய கண்ணாடியெல்லாம்?”

“அபாயச் சூழ்நிலையைத் தத்ரூபமாக் காட்டணும்ல சார்.”

ஏலே, நாமளும் டெமோதான் போல என்று கருத்தப்பாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தான். கேஸ் எழுதுகிற வேலை மிச்சமான சந்தோஷத்தில் இன்ஸ்பெக்டர் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

ஆடிட்டருக்கோ கண்ணில் தண்ணீர் வராத குறை. இத்தனை வருஷத்தில் ஒரு பயிற்சிக்கு இப்படி ஒரு கூட்டத்தைத் தான் கண்டதில்லை என்று இங்கிலீஷில் உருகினார். அந்த அழைப்பை எழுதியவர் யார், அவரைப் பார்க்க வேண்டுமே என்றார்.

ராஜரத்தினம் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தார். இங்கிலீஷிலேயே சொன்னார். தலைப்பு தன்னுடையது, ஒவ்வொரு எழுத்தும் தன்னுடையது, இதெல்லாம் உள்ளிருந்து வர வேண்டும் என்றார். உங்கள் எச்.ஆர். டீம்? என்று ஆடிட்டர் கேட்டார். ஒரு பெண் இருந்தாள், பெரிதாகப் பிரயோஜனம் இல்லை, இன்றோடு அனுப்பிவிட்டேன் என்றார்.

ஹெப்சிபா அதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள். கை வலி அந்தச் சமயம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

முத்துப்பேச்சி அவள் விலாவில் இடித்தாள். “என்னட்டி தஸ்ஸு புஸ்ஸுன்னு பேசுதாக? நம்மளப் பிடிச்சிக் குடுக்கவா?”

“இல்லக்கா.” கிழிந்த உதட்டை நாக்கால் ஒரு தரம் தொட்டுக்கொண்டாள். பிறகு ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னாள். “அண்ணன் கையைப் பத்தி வந்த மெயில் இருக்குல்லா, அதை எழுதினது அவியதானாம். ஒவ்வொரு எழுத்தும் அவியளோடதாம். என்னால பெரிசாப் பிரயோஜனம் இல்லையாம், இன்னையோட அனுப்பிட்டாவளாம்.”

முத்துப்பேச்சி அவள் உதட்டைப் பார்த்தாள், தொட்டில் கட்டின கையைப் பார்த்தாள். முன்வரிசைக்குக் குனிந்து அண்ணன் காதில் சொன்னாள். அது வரிசை வரிசையாகப் பின்னால் போய், சுவரில் முட்டித் திரும்பி வந்தது.

நாற்காலிகள் நகர்ந்தன. ஹால் முழுக்க எழுந்து நின்றது. ஒவ்வொருத்தராகக் குனிந்து நாற்காலிக்கு அடியில் கையை விட்டார்கள்.

அவ்வளவு பேரும் மரியாதைக்கு எழுந்து நிற்பதைக் கண்டு ஆடிட்டரும் பெங்களூரில் எழுந்து நின்று கைதட்டத் தொடங்கினார். ராஜரத்தினம் திரையைப் பார்த்துத் தலைவணங்கினார். அவர் முதுகுதான் கூட்டத்துக்கு.

ஹெப்சிபா வெளியே வந்தாள். நல்ல கையால் கதவை இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, அது விழுந்திருக்கிறதா என்று ஒரு தரம் ஆட்டியும் பார்த்தாள். உள்ளே முதல் நாற்காலி சுவரில் மோதியது. பெங்களூர்க்காரர் ஸ்பீக்கரில் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்.