மேடைப் படத்தில் பதினோரு விநாடிகள்

மகளின் திருமண வரவேற்பில் எங்கள் குடும்பத்தைப் பற்றிப் பத்து நிமிடப் படம் ஒன்று திரையில் ஓட வேண்டும் என்பது மாப்பிள்ளை வீட்டாரின் விருப்பம். ஸ்டூடியோவில் கொடுத்தால் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள் என்று வேலை பார்க்கும் ஊரிலிருந்து மகள் போனில் சொன்னாள். நான் மறுத்தேன். எங்கள் வீட்டு வீடியோவை எவனோ ஒருவன் உட்கார்ந்து ஓட்டிப் பார்ப்பது எனக்குச் சம்மதமில்லை. தவிர, அதிலிருந்து ஓர் ஆளை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. அதை வேற்றுக் கை செய்யக் கூடாது.

வெட்ட வேண்டிய ஆள் என் மகன்.

முப்பத்தைந்து ஆண்டுகள் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன் நான். கடைக்காரர் நீட்டிய தேநீரைக்கூடத் தொட்டதில்லை. வாழ்நாளில் ஒரே ஒருமுறை ஒருவர் வாசலில் போய் நின்றேன், மகனுக்கு வேலை கேட்டு. என் சொல்லை நம்பிக் கொடுத்தார்கள். நாற்பதாம் நாள் இவன் ராஜினாமாக் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு ஒரு மரப் பட்டறையில் போய்ச் சேர்ந்தான். மூன்று மாதம் கழித்து என் பணி நிறைவு விழா. குடும்பத்தோடு படம் எடுக்க மேடைக்குக் கூப்பிட்டபோது அவன் ஏறவில்லை. இருநூறு பேர் பார்த்தார்கள். அன்றோடு பேச்சு நின்றது, ஆறு வருடமாகிறது. இருவரையும் நான்கு வார்த்தை திட்டி ஒரே இடத்தில் உட்காரவைக்க அவன் அம்மா அப்போது இல்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பே போய்விட்டாள்.

சம்பந்தி கேட்டபோது "பையன் வெளியூரில் இருக்கிறான்" என்றேன். பொய்யில்லை. ஆனால் திரையில் அவன் முகம் வந்தால் கேள்வி வரும். எங்கள் வீட்டு உள்விவகாரம் பந்தியில் பரிமாறப்படும்.

வீடியோக்கள் எல்லாம் ஒரு பென் டிரைவில் இருந்தன. சாப்பாட்டு மேசையிலேயே கணினியை வைத்துக்கொண்டேன். ஆறு நாற்காலிகளில் ஒன்று போதும். மற்றவற்றைச் சுவரோரம் தள்ளியாயிற்று. எடிட்டிங் மென்பொருளைக் கணினிக் கடைக்காரர் ஏற்றிக் கொடுத்திருந்தார். திங்கட்கிழமை நன்றாகத்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை திறந்ததும் கோப்புகளைக் காணோம் என்றது. சரி என்று அழுத்தினால் மூடிக்கொண்டது. முதலிலிருந்து தொடங்கினேன். புதன்கிழமையும் அதே கதை. நடுவில் ஓடிய நேரத்திலும் படம் ஒழுங்காக ஓடவில்லை. நின்று நின்று, தாவித் தாவிப் போயிற்று. குரல் மட்டும் தடையில்லாமல் வந்தது. பழைய வீடியோ ஒன்றில் என் மனைவி வாயை மூடியபடி அசையாமல் நிற்க, அவள் சிரிப்பு மட்டும் வீடு முழுவதும் கேட்டது. நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

வேறு வழியில்லாமல் கடைக்காரருக்குப் போன் செய்தேன். தூரத்திலிருந்தே என் திரையைப் பார்த்துச் சரிசெய்து தருவதாகச் சொன்னார். அது முடியாது, வாயால் சொன்னால் போதும் என்றேன். அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. கணினியின் வயது, நினைவகம், கூடவே எத்தனை ஜன்னல் திறந்திருக்கிறது என்று வரிசையாக விசாரித்தார். எல்லாவற்றுக்கும் குறிப்பேட்டைப் பார்த்துப் பதில் சொன்னேன்.

"சரி சார். வீடியோவெல்லாம் எங்க வச்சிருக்கீங்க?"

"பீரோவில்."



"பீரோவிலயா?"

"பென் டிரைவைத்தான் சொல்றேன். வேலை முடிஞ்சதும் கழட்டி பீரோவில வச்சுப் பூட்டிடுவேன். மறுநாள் சாஃப்ட்வேர் திறந்த பிறகுதான் எடுப்பேன். குடும்ப விஷயம், வெளியில கிடக்கக் கூடாது."

"சார், சமையல்காரர் அடுப்புல உலைய வச்சுட்டு அரிசி மூட்டையப் பூட்டி வச்சா என்ன பண்ணுவாரு? அதான் அது கோவிச்சுக்கிட்டுக் கதவச் சாத்துது. வீடியோ அதுக்குள்ள போகல சார். எங்க இருக்குன்னு விலாசத்தை மட்டும்தான் அது வச்சிருக்கு."

படம் தாவுவதற்கும் அதுவேதான் காரணம் என்றார். பென் டிரைவிலிருந்து எடுத்து ஓட்டுவது கரண்டியால் மொண்டு குளிப்பது போலாம். என்னிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. ஆனால் சொன்னது சரி. தப்பான எடைக்கல்லை வைத்துக்கொண்டு மூன்று நாளாகத் தராசைத் திட்டியிருக்கிறேன்.

அவர் சொன்னபடி எல்லாக் கோப்புகளையும் கணினியின் வட்டுக்கு மாற்றினேன். புது இடத்தை மென்பொருளுக்குக் காட்டினேன். பிறகு ஒவ்வொரு வீடியோவுக்கும் எடை குறைந்த சிறு நகல் ஒன்றை அதுவே உருவாக்கிக்கொள்ளும்படி ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னார். வேலை செய்யும்போது நகல் ஓடுமாம். கடைசியில் அசல்தான் வெளிவருமாம். அதற்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. சுவரோர நாற்காலிகளைத் துடைத்து வைத்தேன்.

பிறகு பணி நிறைவு விழாவைத் திறந்தேன். மகன் வரும் இடங்களை ஏற்கெனவே குறித்து வைத்திருந்தேன். படம் தாவிக்கொண்டிருந்தபோது, அவன் மேடைப் படியின் கீழே நிற்பான். அடுத்த கணம் மேடையில் நான் மட்டும் அதிகாரிகளோடு நிற்பேன். அவன் இருக்க மாட்டான். என் நினைவில் இருந்ததும் அதுதான். இப்போது படம் தண்ணீர் போல ஓடியது.

அவன் படியேறினான். மூன்று படி. தங்கையின் பின்னால் வந்து, என் நாற்காலிக்கு ஒரு கை தூரத்தில் நின்றான். நான் அவனைப் பார்த்தேன். பார்த்தது திரையில் தெளிவாகத் தெரிகிறது. பார்த்துவிட்டு எழுந்து, அவனுக்கு முதுகு காட்டி, மேலதிகாரியின் பக்கம் போய் நின்றுகொண்டேன். எழுந்த வேகத்தில் என் மடியிலிருந்த நினைவுப் பரிசு சரிந்தது. அவன் குனிந்து பிடித்து, நாற்காலியில் நேராக வைத்தான். கொஞ்சம் நின்றான். பிறகு இறங்கிப் போனான்.

பதினோரு விநாடிகள்.

மறுபடி ஓட்டினேன். வேகம் குறைத்தும் ஓட்டினேன். அவன் ஏறவில்லை என்று ஆறு வருடமாக எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் மறுத்ததில்லை. இருநூறு பேரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள். என் முகத்துக்கு எதிரே சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை.

குறித்து வைத்த மற்ற இடங்களில் ஒன்றையும் வெட்டவில்லை. சைக்கிளிலிருந்து விழுவது, அம்மாவுக்குத் தலைவாருவது, தங்கையோடு சண்டை போடுவது எல்லாம் இருக்கட்டும் என்று விட்டேன். அந்தப் பதினோரு விநாடிகளை மட்டும் வெட்டினேன். சம்பந்தி வீட்டார் முன்னால் அதை ஓட்ட என்னால் முடியாது. வெட்டியது இந்த முறை அவனை அல்ல.

படத்தை மகளுக்கு அனுப்பிவைத்தேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"அப்பா, அண்ணன் இருக்கானே இதுல."

"அந்த சாஃப்ட்வேர் சரியில்லைம்மா. வெட்ட வரல."

வரிசையாகப் பத்து நிமிடம் ஒட்டத் தெரிந்தவனுக்கு வெட்ட வராதா என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் மகள்.

"அவனைக் கூப்பிடட்டுமாப்பா?"

"பத்திரிகை ஒண்ணு மிச்சம் இருக்கு. பேர் எழுதலை."

"நீங்க எழுதித் தர்றீங்களா?"

எழுதும்போது கை நடுங்குகிறது, நீயே எழுதிக்கொள் என்றேன். சரிப்பா என்று வைத்துவிட்டாள்.

என் கை நடுங்குவதில்லை. பத்திரிகையை எடுத்து மேசையில் வைத்தேன், பேனாவையும் திறந்தேன். உறைமேல் அவன் பெயரை எழுதிவிட்டேன். அதன் கீழே விலாசம் எழுத வேண்டும். அவன் இப்போது எங்கே குடியிருக்கிறான் என்று எனக்குத் தெரியாது.