மேல்மாடம் பாடிய பாட்டு

திரைக்குப் பின்னால் நடிகை ஹெஸ்டர் மேடையேறத் தயாராக நின்றாள். எதிரே மந்திரியின் ஆள் க்ரிம்ஷா, கையைக் கட்டிக்கொண்டு, மாமனார் வீட்டுக்கு வந்தவன் மாதிரி நின்றான். லண்டனில் மேடையேறும் ஒவ்வொரு வார்த்தையையும் படித்து முத்திரை குத்துவது அவன் வேலை. இந்த நையாண்டி இசை நாடகத்தில், லஞ்சம் தின்னும் மந்திரியைப் பற்றிய பாட்டை அவன் அடித்து நீக்கிவிட்டான். என்ன பிரயோஜனம்? அது ஏற்கெனவே அச்சாகித் தெருத்தெருவாக விற்றுவிட்டது. எழுதியவன் சைலஸ், ஹெஸ்டரின் தம்பி. அவனைத் தூக்கி நியூகேட் சிறையில் போட்டார்கள். அங்கே விஷக்காய்ச்சல் வேறு பரவிக்கொண்டிருந்தது.

"அந்தப் பாட்டுல ஒரு வார்த்தை உன் வாயிலேர்ந்து வரக்கூடாதும்மா. வாய மூடிட்டு நின்னா, காலைல உன் தம்பி வீட்டுல இருப்பான். இல்லேன்னா அவன மறந்துடு."

"மெட்ட மட்டும் வாசிக்கலாமா? அதுக்குத்தான் நான் ஆடணும்."

"வாசிங்களேன். குழந்தைய தூங்கப்பண்ற மெட்டுதானே, அதுல என்ன இருக்கு?" என்று சிரித்தான், மகா புத்திசாலி!

ஹெஸ்டர் மேடைக்கு வந்தாள். மேடையை ஒட்டிய மாடத்தில் மந்திரியே உட்கார்ந்திருந்தார். வயலின்கள் மெட்டை எடுத்தன. அரங்கமே அவள் வாயைப் பார்த்தது. அவள் திறக்கவில்லை.

"பாடுடி!" என்று மேல்மாடத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

"தம்பிய வித்துட்டியா? எவ்வளவு குடுத்தான்?"

ஆரஞ்சுப் பழம் ஒன்று அவள் தோளில் பட்டுச் சிதறியது. சைலஸுக்காகத்தானடா பாவிகளா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு ஆடினாள். கண்ணீர் மட்டும் பொலபொலவென்று கொட்டியது. மெட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

அழுகிறாள் என்று மேல்மாடத்துக்கு அப்போதுதான் தெரிந்தது போலும், கூச்சல் சட்டென்று அடங்கியது. ஒரு கட்டைக்குரல் பாட்டின் முதல் அடியை எடுத்தது. அடுத்த அடியை இருபது பேர் பாடினார்கள். அதற்கடுத்ததை மேல்மாடம் முழுக்கப் பாடியது. அங்கே இருந்தவர்கள் யார்? எஜமான்களுக்கு இடம் பிடித்துவைத்துவிட்டு, காசில்லாமல் மேலே ஏறி உட்காரும் வேலைக்காரர்கள்! எந்த எஜமான் எங்கே லஞ்சம் தின்றான் என்பது அவர்களுக்குத்தானே தெரியும்?

மந்திரி அண்ணாந்து பார்த்தார். முதல் வரிசையில், அவர் தைத்துக்கொடுத்த மஞ்சள் சீருடையில், தொண்டை நரம்பு புடைக்கப் பாடிக்கொண்டிருந்தான் அவருடைய சொந்த வேலைக்காரன். ஊரே திரும்பி மந்திரியைப் பார்த்தது. வேறு வழியில்லாமல் அவர் சிரித்தார். கைகூடத் தட்டினார், பாவம்.

திரை விழுந்ததும் க்ரிம்ஷா பாய்ந்து வந்தான். "நீதானே சொல்லிக்குடுத்தே?"

"நான் வாயே தொறக்கலையே ஐயா. பக்கத்துலயே நின்னு பாத்தீங்களே."

அவன் முறைத்தான். ஹெஸ்டர் கடிபட்ட உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"காலைல சிறைக் கதவ எப்பத் தொறப்பாங்க?"