ஸிபானுக்குச் சொன்ன பொய்

றமீலா வீட்டுக்குப் பின்னாலிருந்த சிமெந்துத் தண்ணீர்த் தாங்கியின் மேல் ஏறி நின்று போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். குடை எப்போதோ காற்றில் கவிழ்ந்து கொய்யா மரத்தடியில் கிடந்தது. மழை கழுத்து வழியாக இறங்கி முதுகு முழுக்க ஓடியது. காலை வரை இந்த இடத்தில் நின்றால் இரண்டு கோடாவது சிக்னல் வரும். இப்போது ஒன்றுமே இல்லை. பாழாய்ப்போன போன்.

அடுப்பெரிந்த குசினியின் வாசலில் பஸ்னா வந்து நின்றாள். அந்த மலைச்சரிவில் எந்தப் பெண் மௌத்தானாலும் உயிர் போன உடம்பைக் குளிப்பாட்ட வருகிறவள் அவள்தான்.

"றமீலா, தண்ணி பதமாச் சுட்டுட்டு. எறங்கி வாங்க. மகள் ஈக்கும்போது வேற ஆளு மொதல்ல கை வைக்கிறது சரியில்ல."

"இன்னொரு தரம் அடிச்சுப் பாக்கிறேன்."

"டவரே விழுந்திட்டாம். எத்தின தரம் அடிச்சி என்ன?"

"விழட்டும். நான் அடிப்பேன்."

உம்மா மௌத்தாகி ஐந்து மணித்தியாலம் ஆகிவிட்டது. தம்பி ஸிபானுக்கு அது தெரியாது. தெரியாமல் பண்ணியது றமீலாதான். இப்போது அதை எப்படியாவது அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மழையில் நனைந்துகொண்டு நிற்கிறாள்.

ஸிபானுக்குக் கண்டி டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை. வியாழக்கிழமை பின்னேரமே பஸ் நின்றுவிட்டதால் கடை மாடியில் தங்கிவிட்டான். வெள்ளி விடியற்காலை சுபஹோடு உம்மாவின் மூச்சு நின்றது. றமீலா போனை எடுத்ததும், உம்மாவின் தம்பி முஹைதீன் மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மௌத்துண்டு செல்லிடாத புள்ள. வழியில வார புள்ளைக்கு அப்பிடிச் செல்லப்படாது. எங்கயாவது மயங்கி விழுந்திருவான். ஏலாம ஈக்கி, வந்து பாருண்டு மட்டும் செல்லு."

ஊர் வழக்கமே அதுதான். வாப்பா மௌத்தான அன்று றமீலாவுக்கும் 'கொஞ்சம் காய்ச்சல்' என்றுதான் சொன்னார்கள். வீட்டு வாசலில் சனம் உட்காரப் போட்டிருந்த கதிரைகளைப் பார்த்துத்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. அப்படியிருந்தும் அவளும் அதையேதான் செய்தாள். செய்தது போதாதென்று தன் பங்குக்குக் கொஞ்சம் கூட்டியும் சொன்னாள்.

"உம்மாக்கு ஏலாம ஈக்கிடா. கண்ணத் தொறந்து உன்னயத்தான் தேடுறா. எப்பிடியாவது வந்து சேரு."

"வாறேன் தாத்தா" என்றான் அவன். அந்தப் பக்கத்தில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தான், லைன் அறுந்துவிட்டது. அதோடு எல்லாம் போனது. முதலில் கரண்ட், பிறகு டவர், பிறகு பாதை. எட்டரை மணிக்குப் பக்கத்து வீட்டு பெற்றரி ரேடியோவில் மாவட்டம் முழுக்க மண் சரிவு என்றார்கள். யாரும் வெளியே இறங்க வேண்டாம் என்றார்கள்.

மௌத்து என்று உண்மையைச் சொல்லியிருந்தால் அவன் அழுதுகொண்டு கடையிலேயே இருந்திருப்பான். உம்மா உயிரோடு தேடிக்கொண்டிருக்கிறாள் என்றால் எந்த மகன் இருப்பான்? வெள்ளத்தில் இறங்குவான். இடிகிற மண்ணுக்குக் கீழே ஓடுவான். அவனுக்கு ஏதாவது ஆனால், கூப்பிட்டுக் கொன்றவள் தான்தான். இதை றமீலா தாங்கியின் மேல் நின்று தனக்குத் தானே சத்தமாகவே சொன்னாள். கேட்க யாரும் இல்லை.

பதினொரு மணிக்கு வேறு வழியில்லாமல் இறங்கி வந்து, ஈர உடுப்பை மாற்றிக்கொண்டு உம்மாவைக் குளிப்பாட்டினாள். பஸ்னா தண்ணீரை ஊற்ற, அவள் சீலைக்கு உள்ளே கையை விட்டுத் தேய்த்தாள். மூன்று வருஷமாக ஒட்சிசன் மெஷினோடு கிடந்த உடம்பு. தோளில் எலும்பைத் தவிர ஒன்றும் இல்லை. குழாய் செருகியிருந்த மூக்கடியில் ஒரு தழும்பு. அதைத் தொட்டபோது அவளுக்கு ஒன்று தோன்றியது. கரண்ட் போனது ஆறரைக்கு. உம்மா போனது ஐந்தேகாலுக்கு. ஒன்றரை மணித்தியாலம் பிந்தியிருந்தால் மெஷின் நின்று, உம்மா கண் முன்னால் மூச்சுக்குத் துடித்திருப்பாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகவும் பாதை இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் முணுமுணுத்தது. பெற்ற தாயைக் குளிப்பாட்டிக்கொண்டு இப்படி நிம்மதிப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"வெள்ளிக்கிழம மௌத்து. குடுத்து வச்ச மனிசி" என்றாள் பஸ்னா.

றமீலாவுக்கு அழுகை வரவில்லை. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. காது வாசலிலேயே இருந்தது.

கஃபன் துணி சுற்றி முடிந்ததும் மாமா வந்து நின்றார்.

"ஜும்ஆத் தொழுக முடிஞ்ச கையோட எடுத்திருவோம் புள்ள."

"ஸிபான் வரட்டும் மாமா."

"மையவாடிப் பக்கம் மண்ணு ஊறிப் போயிருக்கு. வெட்டின குழியில ரெண்டு பேரு நிண்டு தண்ணி எறைக்கிறாங்க. இன்னும் சொணங்கினா அதுவும் இடிஞ்சிரும்."

"ஒரே மகன். மொகத்தப் பாக்க வேணாமா?"

"எனக்கு மட்டும் ஆசையா? ஏன்ட தாத்தா இவ." மாமாவின் குரல் உடைந்தது. "அவன் வந்து பாக்கிறதுக்கு மொதல்ல அவன் வரணுமே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு வெளியே போய்விட்டார். நீங்கள்தானே சொல்லவேண்டாம் என்றீர்கள் என்று கேட்க றமீலாவுக்கு நாக்குத் துடித்தது. ஆனால் 'தேடுறா' என்பது மாமா சொல்லித் தந்ததல்லவே. அது அவளுடைய சொந்தச் சரக்கு.

இரண்டு மணிக்கு உம்மாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பதினைந்து பேர்கூட இல்லை. வேறு நாளாக இருந்தால் கம்பளையிலிருந்தும் மாத்தளையிலிருந்தும் வேன் வேனாக வந்திறங்கியிருப்பார்கள். பெண்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள். உம்மாவை வைத்த சந்தூக்கு வளைவில் திரும்பி மறைந்தது. றமீலா அதைப் பார்க்கவில்லை. அதற்கும் அப்பால், கீழே பெரிய பாதையிலிருந்து யாராவது ஏறி வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடக்கம் முடிந்ததும் அவள் புருஷன் ஹபீல், வீட்டுக்குக்கூட வராமல், பேராதனை வரைக்கும் நடந்து போய்ப் பார்த்தான். பொழுது சாய்ந்து, மஃரிபுக்குச் சற்று முன்னால் இடுப்பு வரை சேறோடு திரும்பி வந்தான்.

"பாலத்தால யாரையும் விடல்ல. ஆமி நிக்கிறாங்க. அந்தப் பக்கம் கெட்டம்பே முழுக்கத் தண்ணியாம்" என்றான். மேலும் எதையோ சொல்ல வந்து விழுங்கினான்.

"என்ன? செல்லுங்க."

"ஒண்டுமில்ல."

"செல்லுங்க! இந்த வீட்டுல இனி ஒருத்தரும் ஒண்டையும் மறைக்கப்படாது."

ஹபீல் தலையைக் குனிந்துகொண்டான். "ஒரு பொடியன ஆத்துல இருந்து எடுத்தாங்களாம். ஆரு எவருண்டு தெரியா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. அங்க போகவும் வழியில்ல. நம்மடவனா இருக்காது றமீலா."

"இருக்காதுண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அன்று ராத்திரி அந்த வீட்டில் யாரும் படுக்கவில்லை.

சனிக்கிழமை மழை விட்டது. வெட்கமே இல்லாமல் வெயிலும் அடித்தது. பஸ்னா வீட்டிலிருந்து சோறும் பருப்பும் வந்தன. றமீலா ஒரு கவளத்தைப் பிசைந்து பிசைந்து சோற்றுக் கோப்பையிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். ஹபீல் மறுபடியும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகப் புறப்பட்டு, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். நடுப்பகல் லுஹருக்குப் பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

"தாத்தா."

படியடியில் ஸிபான் நின்றான். யாருடையதோ பச்சை நிற ஸ்கூல் டீசேர்ட், முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிய கட்டம்போட்ட சாரம், வெறுங்கால். முகம் ஒரு நாளில் கறுத்துச் சுருங்கியிருந்தது. இரண்டு கை, இரண்டு கால், ஒரு தலை. எல்லாம் இருந்தன.

றமீலா படிகளில் இறங்கியது யாருக்கும் தெரியாது. அவன் கன்னத்தில் விழுந்த அறைதான் எல்லோருக்கும் கேட்டது.

"எங்கடா போய்த் தொலஞ்ச? உசிரே போயிட்டுடா எனக்கு!"

அடித்த கையாலேயே அவன் தலையைப் பிடித்து இழுத்துத் தோளில் வைத்துக்கொண்டாள். அவன் உடம்பு சூடாக இருந்தது. மூச்சு விட்டது. அவளுக்கு அது போதும். அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. மௌத்து வீட்டில் என்ன இது என்று மாமா ஓடி வந்தார். ஸிபானைக் கண்டதும் நின்ற இடத்திலேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்சம் ஆறிய பிறகு, தேத்தண்ணிக் கோப்பையை அவன் கையில் வைத்துவிட்டு றமீலா எதிரே உட்கார்ந்தாள். இனிமேல் சொல்லியாக வேண்டும்.

"ஸிபான், உம்மா..."

"தெரியும் தாத்தா."

"பாதையில ஆரு சென்னது?"

"ஒருத்தரும் செல்லல்ல. நேத்துக் காலையில நீங்க போன் எடுத்தீங்களே, அப்பவே தெரியும்."

றமீலா அவனையே பார்த்தாள்.

"எப்ப நீங்க போன் எடுத்தாலும் பின்னால உம்மாட சத்தம் கேக்கும். 'ஆரு, ஸிபானா? இங்க குடு, இங்க குடு'ண்டு. எரிச்சலாத்தான் இருக்கும். நேத்து கேக்கல்ல. மெஷின் சத்தமும் கேக்கல்ல." கோப்பையைக் கீழே வைத்தான். "தேடுறாண்டு சென்னீங்க. தேடுறவ சும்மா இருப்பாவா? போனப் பறிச்சிருப்பா."

"தெரிஞ்சிட்டுத்தான் வாறேண்டு சென்னியா?"

"உங்கட கொரல் நடுங்கிச்சு. மௌத்தாண்டு கேட்டா நீங்க ஒடஞ்சிருவீங்கண்டுதான் கேக்கல்ல. பொறகு, வாறதுக்கு முந்திக் கேக்கத்தான் வேணும்ண்டு வாயெடுத்தேன், கட்டாகிட்டு."

அவன் மெல்ல மெல்லச் சொன்னான். எட்டு மணிக்கே கடையிலிருந்து நடக்கத் தொடங்கினானாம். கெட்டம்பேயில் தண்ணீர் நெஞ்சு மட்டத்துக்கு ஓடியது. ஒரு கயிற்றைக் கட்டி அதைப் பிடித்துக்கொண்டு சில பேர் இறங்கினார்கள். இவனும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றில் கை வைத்தானாம்.

"உம்மா உசிரோட ஈக்கிறாண்டு நம்பியிருந்தா எறங்கியிருப்பேன் தாத்தா. சத்தியமா எறங்கியிருப்பேன். உம்மா போயிட்டா, இனி அவசரமில்லண்டு நெனச்சேன். கைய எடுத்திட்டேன். நான் நிண்ட எடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி போன ஆளு..." அவன் அதை முடிக்கவில்லை.

திரும்பி நடந்தவனை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருக்கிறார்கள். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து இறங்கி வந்த சனங்களும் அங்கேதான் இருந்தார்களாம். ராஜலிங்கம் என்று ஒருவர் காய்ந்த சாரம் கொடுத்தார். இந்த டீசேர்ட் அவர் மகனுடையது.

"ஜும்ஆ முடிஞ்சா உம்மாவ அடக்கிருவீங்கண்டு தெரியும். ஒரு மூலையில நிண்டு, மையத்து இல்லாத எடத்துல தொழுற ஹாயிப் தொழுகை தொழுதேன். புள்ளைங்க கத்தி வெளையாடிட்டு இருந்துச்சுங்க. அவர்தான் 'சத்தம் போடாதீங்க, தம்பியோட அம்மாவுக்கு சாமி கும்புடுறாரு'ண்டு எல்லாத்தையும் ஒக்கார வச்சாரு. தொழுது முடிஞ்சு திரும்பிப் பாத்தா அம்பது அறுவது பேரு சத்தமில்லாம குந்தியிருக்காங்க."

பதினைந்து பேர்கூட இல்லை என்று நேற்று நொந்தது றமீலாவுக்கு நினைவு வந்தது. அப்போதுதான் உம்மா மௌத்தானது அவளுக்கு உறைத்தது. ஒரு நாள் முழுக்க எங்கோ போயிருந்த அழுகை வந்து சேர்ந்தது. சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதாள். ஸிபான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனும் அழுதான். மாமா, "இனி ஒருத்தருக்கும் பொய் செல்ல மாட்டேன் அல்லாஹ்" என்று வாசலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

லுஹர் தொழுதுவிட்டு ஸிபான் ஹபீலின் செருப்பை மாட்டிக்கொண்டு, உம்மாவை அடக்கிய கபுறடிக்குப் புறப்பட்டான். மையவாடிக்குப் போகிற ஒற்றையடிப் பாதை வீட்டுக்கு நேர் மேலே ஏறும். பெண்கள் அங்கே போவதில்லை. றமீலா முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள். பாதையின் ஒரு ஓரம் உடைந்து, சிவப்பு மண் வெளியே தெரிந்தது.

"டேய், இடது பக்கம் கால் வைக்காத! அங்க மண்ணு நனைஞ்சி ஈக்கி!"

"சரி தாத்தா."

"அந்தச் செடியப் புடிச்சுக்கோ. அது இல்ல, மத்தது! செருப்பக் கழட்டுடா, வழுக்கும்!"

ஆறுதல் சொல்ல வந்த பெண்கள் ஜன்னலால் எட்டிப் பார்த்தார்கள். மௌத்து வீட்டில் இப்படிக் கத்தலாமா என்று அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது. றமீலா கணக்கெடுக்கவில்லை. அவன் மேலே ஏறி, மரங்களுக்குள் நுழையும் வரைக்கும் தொண்டை கட்டக் கட்டக் கத்திக்கொண்டேயிருந்தாள். ஸிபான் திரும்பிப் பார்க்காமல், கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு நடந்தான்.